யாருடைய செவிக்காக?

ஒலிபெருக்கி என்னும் கருவி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஒரு குரலைத் தொலைவிலிருப்போரிடம் கொண்டு சேர்க்கும் வழியை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பெரிய பள்ளிவாசல்களில் இமாமின் தக்பீர் பின்வரிசைகளுக்கு எட்டாதபோது, முகப்பிர் அதைத் தம் குரலில் எடுத்துச் சொல்வார். கடைசி வரிசையில் நிற்கும் முதியவரும் ஜமாஅத்தோடு ஒன்றிக் குனிந்து நிமிர்வார். குரலை எட்டச் செய்வதில் முதற்கேள்வி, கேட்க வேண்டியவர் எங்கே இருக்கிறார் என்பதே.

இந்தக் கேள்வி அண்மையில் எங்கள் இல்லத்திலும் எழுந்தது. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே, திருமுல்லைவாயிலில் எங்கள் வீடு இருக்கிறது. கீழ்த்தளத்தில் எங்கள் தாயாரும் என் குடும்பத்தாரும். மாடியில் என் தம்பியின் குடும்பம். வளைகுடாவில் பணியாற்றித் திரும்பிய தம்பிக்கு ஓர் ஆசை. ஆறு அறைகளிலும் ஆறு கம்பியில்லா ஸ்பீக்கர்களை வைத்து, அனைத்தையும் ஒரே கைப்பேசியிலிருந்து இயக்க வேண்டும் என்றான். "ஸஹர் நேரத்தில் கிராஅத், மாலையில் பயான். வீடு முழுவதும் ஒலிக்கும் அண்ணே!" என்று மகிழ்ச்சியோடு கூறினான்.

ஆசை நல்லதுதான். ஆயினும், "இவ்வீட்டில் யாருக்கு எது கேட்கவில்லை?" என்று முதலில் விசாரிப்போம் என்றேன்.

எண்பதை நெருங்கும் எங்கள் தாயார் மூட்டுவலியால் கூடத்துக்குக்கூட அதிகம் வருவதில்லை. இளமையில் இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சிகளையும், நாகூர் இ.எம். ஹனிபா அவர்களின் பாடல்களையும் கேட்டுப் பழகியவர்கள். அத்தா மவுத்தான பின்னர் அவர்களுடைய தனிமைக்குக் குரல்களே துணை. அவர்கள் சொன்ன பதில் என் நெஞ்சில் தைத்தது: "சத்தம் கேட்கிறது. என்ன பேசுகிறார்கள் என்பதுதான் புரியவில்லை."

முதுமையில் செவி பெரும்பாலும் முதலில் இழப்பது உயர்ந்த சுருதி ஓசைகளை. பேச்சில் உயிரெழுத்துகள் பலத்தைத் தருகின்றன. மெய்யெழுத்துகளோ பொருளைத் தெளிவாக்குகின்றன. அந்த மெய்யொலிகளில் பல, மெலிந்த உயர் ஓசைகளாகவே செவியை அடைகின்றன. ஆகவே, 'பாஸ்' மிகுந்து அதிரும் பெட்டி முதியவர்களின் துன்பத்தைக் கூட்டவே செய்யும். தாழ்ந்த ஓசை பெருகப் பெருக, பேச்சின் தெளிவு அதனடியில் புதைந்துவிடும். பெட்டியைச் சுவரின் மூலையில் வைத்தால் இந்த அதிர்வு இன்னும் ஓங்கும்.

இரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவுக்குச் சென்றோம். ஒரு கடைக்காரர் வாட் கணக்கை அடுக்கினார். வாட் இருமடங்கானால் ஒலி இருமடங்காகும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது மூன்று டெசிபல் மட்டுமே கூடும். இருமடங்கு உரக்கக் கேட்பதாக நம் செவி உணர வேண்டுமெனில், ஏறத்தாழப் பத்து மடங்கு மின்திறன் வேண்டும். எனவே, சிறிய அறைக்குப் பெரிய எண்ணைப் பார்த்து வாங்குவதில் பயனில்லை.

கடையில் போட்டுக் காட்டிய மேளப் பாட்டை நிறுத்தச் சொல்லி, என் கைப்பேசியில் இருந்த ஒரு காரியின் ஓதலை ஒலிக்கச் செய்தேன். அரபியில் ஸே, ஸீன், ஸாத் என்னும் மூன்று எழுத்துகளின் ஒலியையும் தமிழில் 'ஸ' என்றே எழுதி விடுகிறோம். மதரஸாவில் பிள்ளைகளுக்கு அவற்றின் மக்ரஜை வேறுபடுத்திக் காட்டுவதற்குள் ஆசிரியரின் தொண்டை வறண்டுவிடும். மட்டமான பெட்டியில் மூன்றும் ஒன்றாகவே சீறின; நல்ல பெட்டியில் தனித்தனியே விளங்கின. அடுத்து ஒரு தமிழ் பயானைத் தாழ்ந்த ஒலியில் வைத்துக் கேட்டோம். தாழ்ந்த ஒலியிலும் சொல் புரிகிறதா என்பதே சரியான சோதனை.

இனி, கம்பியில்லா முறைகளில் எது? புளூடூத் முறை கைப்பேசியிலிருந்து நேரே பெட்டிக்குச் செல்கிறது. ஓர் அறைக்கு அது போதும். இடையில் செங்கற்சுவர்கள் வந்தால் தடுமாறும். வைஃபை முறையிலோ வீட்டிலுள்ள ரூட்டரே எல்லாப் பெட்டிகளுக்கும் ஒலியை அனுப்புகிறது. ஒரே பேச்சு இரு பெட்டிகளிலிருந்து நொடியில் இருபதில் ஒரு பங்கு முன்பின்னாக வந்தாலே எதிரொலி போலக் குழம்பத் தொடங்கும். வைஃபைப் பெட்டிகள் ஒலியைச் சற்று முன்னதாகவே பெற்றுச் சேமித்து, ஒரு பொதுக் கடிகாரத்துக்கு இசைந்து ஒரே கணத்தில் ஒலிக்கின்றன. பல அறைகளில் சேர்ந்து ஒலிக்க வேண்டுமெனில் இம்முறையே ஏற்றது. ரூட்டரை இரும்புப் பீரோவுக்குப் பின்னால் மறைத்து வைக்கலாகாது. அலை அங்கேயே தடைபடும்.

ஆனால், வைஃபைக்கு மின்சாரமும், பல பெட்டிகளுக்கு இணையமும் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மின்சாரமும் தொலைத்தொடர்பும் இல்லாமல் நம் புறநகர் மக்கள் பட்ட பாட்டை மறக்க இயலுமா? ஆகவே, முதியவர் அறைப் பெட்டிக்குப் பேட்டரியும் புளூடூத்தும் சேர்ந்திருப்பது நலம். கம்பி செருகும் துளையும் இருக்கட்டும். பல அறை ஒலிக்கருவிகளில் முன்னோடியான அமெரிக்காவின் ஸோனோஸ் நிறுவனம், 2024 மே மாதம் தன் செயலியைப் புதுப்பித்தபோது பழைய வசதிகள் பல மறைந்து, வாங்கியோர் அவதியுற்றனர். 2025 ஜனவரியில் அதன் தலைமை நிர்வாகி பதவி விலகினார். செயலியை மட்டுமே நம்பி நிற்கும் பெட்டி, செயலி தடுமாறும் நாளில் பயன்படாது.

பேச்சைக் கேட்டு இயங்கும் பெட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். அமேசானின் எக்கோ 2017இல் இந்தியாவுக்கு வந்தது. இத்தகைய கருவிகளில் பதிவாகும் பேச்சுகளுள் சிலவற்றை நிறுவன ஊழியர்கள் கேட்டுச் சரிபார்ப்பது 2019இல் செய்தியாக வெளிவந்தது. பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதை விலக்கிய மார்க்கம் நம்முடையது. நம் வீட்டு அந்தரங்கத்தை நாமே திறந்து வைக்கலாமா? அவ்வகைப் பெட்டியில் மைக்கை அணைக்கும் பொத்தான் உண்டா என்று பார்த்து வாங்குங்கள். படுக்கையறையில் அது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது அண்டை வீட்டார். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ தேர்வுக்குப் படிக்கிறாள். மக்காவில் தராவீஹ் தொடங்கும்போது இங்கே இரவு பதினொரு மணியாகிவிடுகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குரிய அளவு பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல். தனியார் இல்லத்து ஒலிக்கருவியின் ஓசை, அவ்வில்லத்தின் எல்லையில் இவ்வளவை ஐந்து டெசிபலுக்கு மேல் விஞ்சலாகாது. சட்டம் இல்லாவிடினும், அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி மதரஸாவில் பாடம் நடத்துகிற நாங்கள் அதை மீறலாமா? பொதுச்சுவரில் எந்தப் பெட்டியையும் மாட்டுவதில்லை என்று முடிவு செய்தோம்.

இறுதியில், ஆறு பெட்டிகள் மூன்றாயின. முதலாவது, தாயாரின் கட்டிலருகே, படுத்திருப்பவரின் செவி மட்டத்தில். இரண்டாவது கூடத்துக்கு என்றுதான் எண்ணினோம். அப்போது என் மனைவி கூறினாள்: "கூடத்தில் யார் உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள்? நாங்கள் பயான் கேட்க முடிகிற நேரம் அடுப்படியில் நிற்கும் நேரந்தான்." எத்தனை நியாயமான சொல்! அடுப்பின் ஆவியும் மிக்ஸியின் இரைச்சலும் அதிகம் தாக்காத அலமாரியில் அது இடம்பெற்றது. மூன்றாவது, மாடியில் பிள்ளைகள் குர்ஆன் ஓதும் இடத்தில். பிள்ளைகள் பாடம் படிக்கும் அறைக்கும் படுக்கையறைகளுக்கும் அமைதியை விட்டுவைத்தோம். தம்பிக்கும் இதில் மகிழ்ச்சியே.

குர்ஆன் ஓதப்படும்போது செவிதாழ்த்தி மௌனமாயிருப்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. எல்லா அறைகளிலும் எந்நேரமும் ஓதலை ஒலிக்கவிட்டு, அதனடியில் நாம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தால், அந்த ஓதல் வெறும் பின்னணி ஓசையாகிவிடும். கேட்பதற்கு ஆளில்லாதபோது அணைத்து வைப்பதும் ஓர் அதபுதான். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறோம்.

சென்ற வெள்ளியன்று, எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்தின் ஜும்ஆ பயானைப் பதிவிலிருந்து தாயாருக்கு ஒலிக்கச் செய்தோம். இரவு உணவின்போது, அதில் அவர் சொன்ன ஒரு கருத்தை எடுத்து, என் மகளுக்குத் தாயார் விளக்கிக்கொண்டிருந்தார்கள். கேட்பவராக மட்டும் ஒதுங்கியிருந்தவர்கள், மீண்டும் வீட்டின் பேச்சில் கலந்துகொண்டார்கள்.

வாசக சகோதர சகோதரிகளே! கடைக்குச் செல்லுமுன் உங்கள் இல்லத்தின் ஒவ்வோர் அறைக்கும் ஒருமுறை சென்று, அங்கே இருப்பவர் எதைக் கேட்க விரும்புகிறார், எது அவருக்குக் கேட்கவில்லை என்று விசாரியுங்கள். குறிப்பாக முதியவர்களிடமும் அடுப்படியில் நிற்போரிடமும் கேளுங்கள். எத்தனை பெட்டிகள், எத்தகைய பெட்டிகள் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். நம் இல்லங்களில் நல்லவற்றைக் கேட்கும் செவிகளையும், கேட்டவற்றின்படி நடக்கும் உள்ளங்களையும் வல்ல இறைவன் தந்தருள்வானாக! ஆமீன்.