அப்பாவின் நெசவும் என் தையலும்

பெங்களூருக்குப் படிக்கப் புறப்பட்டபோது, பவானி ஜமக்காளத்தில் தைத்த பையொன்றை அப்பா என் தோளில் மாட்டினார். அவரே நெய்த துணி. சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாய் ஒளிரும். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற நெசவல்லவா!

ஆயினும் என்ன? மடிக்கணினியின் பாரத்தில் தோள்வார் தையல் விட்டது. ஓரங்களில் நூல் பிரிந்தது. வேறு பை வாங்கிக்கொண்டு, அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

பொங்கலுக்கு ஊர் சென்றேன். “பை எங்கே, கண்ணு?” என்றார் அப்பா. விடைகூற நா எழவில்லை.

திரும்பியதும் சிக்குப்பேட்டையில் பருத்தி நாடாவும் பெரிய பொத்தானும் வாங்கினேன். பழைய வேட்டியை உள்துணியாக்கினேன். பிரிந்த ஓரங்களை நாடாவால் மூடித் தைத்தேன். வார் சேருமிடத்தில் சதுரமாகத் தைத்து, மூலைக்கு மூலை குறுக்குத் தையலும் போட்டேன்; இனிப் பாரம் ஓரிடத்தில் விழாமல் பரவும். வாய்க்குப் பொத்தான்.

ஒரு மாலை வேலைக்கே முதுகு வலித்தது. குழித்தறியில் அப்பா அமர்ந்திருந்த ஆண்டுகளை எண்ணினேன், கண் கலங்கியது.

குறை நெசவிலன்று, தையலிலேதான். நண்பர்களே, உங்கள் கட்டிலுக்கடியிலும் ஒரு பை கிடக்கலாம். ஊசியை எடுங்கள்! அடுத்த விடுமுறைக்கு நான் அந்தப் பையோடுதான் ஊர் செல்வேன்.