பாடு இல்லாதவன் எடுத்த சீட்டு

"மாமா, மெக்கானிக்கல் எடுக்கணும். எந்தக் காலேஜ் நல்லது?" என்று அக்கா மகன் கேட்டான். கையில் ஒரு தனியார் கல்லூரியின் வழவழப்பான விளம்பரத் தாள். அதைப் பார்த்ததும் எனக்கு ஏரி ஞாபகம் வந்தது.

எங்கள் சேரி பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்துக்குப் பக்கம். ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். கோட்டைக்குப்பம் மாதிரி பட்டினவர் குப்பங்களுக்குத்தான் அந்தப் பாடு. சேரிக்காரன் பெயர் அதில் கிடையாது. எங்கம்மா இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடுவாள். நைனா கூலிக்கு வலை இழுப்பார்.

பத்தாவது படிக்கும்போது ஒருநாள் நைனாவோடு போனேன். நடு ஏரியில் என்ஜின் நின்றுபோச்சு. என்னதான் ஆச்சு என்று கிட்டே போனேன். "டேய், நீ கைய வைக்காத, தள்ளு" என்றார் படகுக்காரர். நைனா வாயே திறக்கவில்லை. மெக்கானிக்கல் ஆசை அங்கேதான் முளைத்தது.

1998இல் ப்ளஸ் டூ முடித்தேன். அப்போது நுழைவுத் தேர்வு உண்டு. பாட மார்க் 200, நுழைவுத் தேர்வு 100. ரிசல்ட் வந்ததும் ஒரு புரோக்கர் வீடு தேடி வந்தார். "பக்கத்துலயே காலேஜ், பையன் வூட்லருந்தே போய் வரலாம். கட்டட நிதி மட்டும் குடுங்க" என்றார். தொகையைக் கேட்டதும் அம்மா, "எங்க வூட்ட வித்தாலும் அவ்ளோ துட்டு வராதுப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

பொன்னேரியில் ரயில் ஏறி, நைனாவும் நானும் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கவுன்சிலிங் போனோம். வரிசைப்படி என் பெயரைக் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் ஒருத்தனுக்கு முறை வந்தது அதுதான் முதல் தடவை. சேலம் அரசு பொறியியல் கல்லூரியை எடுத்தேன். ஊர் தூரம்தான். ஆனால் கட்டணம் குறைவு, தங்க விடுதியும் உண்டு. ஸ்காலர்ஷிப் பணம் வருஷக் கடைசியில்தான் கைக்கு வந்தது. அதுவரை அம்மா விற்ற இறால்தான் என் சாப்பாட்டுக் காசு.

இதெல்லாம் சொல்லிவிட்டு மருமகனிடம் சொன்னேன்: "இப்ப நுழைவுத் தேர்வு இல்ல. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200தான் கட்ஆஃப். நீ அரசுப் பள்ளியில படிச்சவன். 2021லருந்து உனக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, அதுல சேர்ந்தா படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசாங்கமே கட்டும். வருமான வரம்புக்குள்ள இருக்கிற நம்ம பிள்ளைங்களுக்கு, கவுன்சிலிங்ல தனியார் காலேஜ் கிடைச்சாலும் 2012இல வந்த அரசாணை 92 உதவுது. ஆனா நிர்வாக ஒதுக்கீட்டுல பணங்கட்டிச் சேர்ந்தா இப்ப அந்த உதவி கிடையாது. புரோக்கர் இதச் சொல்லமாட்டான்."

"அப்புறம், விளம்பரத்துல கட்டடத்தைப் பாக்காத. நேரா போய் ஒர்க் ஷாப்பைப் பாரு. லேத்து ஓடுதா, பையனுங்க கையில கிரீஸ் இருக்கா, விடுதியில எல்லாரும் ஒரே பந்தியில சாப்பிடுறாங்களா, கேளு."

கொஞ்ச நேரம் யோசித்தான். "மாமா, நமக்கு 18 சதவீதத்துலதானே எடுக்கணும்? ஓப்பன்ல எடுக்கலாமா?"

"மார்க் வந்தா ஓப்பன்லயே எடு. அது யாரோட பாடும் இல்லடா."

விளம்பரத் தாளை நாலாக மடித்து ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அண்டை கொடுத்தான்.