நாற்பது கேள்விகள்

இந்தியாவில் ஆட்டிசத்தை அளக்க 2009இல் வெளியான கேள்வித்தாளின் பெயர் ஐஎஸ்ஏஏ. மொத்தம் 40 கூற்றுகள். 'அரிதாக' என்றால் 1, 'எப்போதும்' என்றால் 5. கூட்டுத்தொகை 70க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. 106 வரை லேசானது, 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது.

அக்கா மகனுக்கு ஆறு வயசில் தூத்துக்குடியில் அதைப் போட்டுப் பார்த்தார்கள். கண்ணைப் பார்த்துப் பேசுவானா, எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்னு அடம்பிடிப்பானா, சத்தம் தாங்குவானா? பதில் சொல்லிக்கொண்டே வந்த அக்கா பாதியில் என் பக்கம் திரும்பினாள். "ஏல, இது நம்ம மாமால்லா?"

மாமாவுக்கு ஐம்பத்தெட்டு. மணப்பாட்டில் கிழிந்த வலைகளைத் தைத்துக் கொடுப்பவர். தினமும் அதே இடம், அதே பலகை. பலகையை யாராவது நகர்த்திவிட்டால் அன்றைக்கு வேலை ஓடாது. செப்டம்பர் 14, சிலுவைக் கோவில் திருவிழாவுக்கு ஊரே மணல் குன்றில் ஏறும்போது, வேட்டுச் சத்தம் ஆகாது என்று உவரியில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போய்விடுவார். 'அவன் ஒரு மாதிரி' என்பதோடு ஊர் விட்டுவிட்டது. ஊர் அவரை அரவணைத்தது என்று எழுத ஆசைதான். ஆனால் கூலியைப் பேசி வாங்கத் தெரியாதவருக்குப் பாதிக் கூலி கொடுத்ததும் அதே ஊர்தான்.

லியோ கன்னர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதில் முதல் குழந்தையான டொனால்ட் டிரிப்லெட் பிறகு வங்கியில் வேலை பார்த்து, 2023இல் 89 வயதில் இறந்தார். ஆட்டிசம் குழந்தையோடு நின்றுவிடுவதில்லை, அந்தக் குழந்தைக்கும் வயசாகும்.

வளர்ந்தவர்களை மதிப்பிடுவதுதான் கஷ்டம். பல அடையாளங்கள் பழக்கத்துக்குள் ஒளிந்துகொள்ளும். மாமா யார் கண்ணையும் பார்க்க மாட்டார், வலைக்கண்ணைப் பார்த்தபடியே பேசுவார். வலை தைக்கிறவரை அதற்காக யார் குறை சொல்வார்கள்? சிறுவயசில் எப்போது பேசினார், யாரோடு விளையாடினார் என்றும் மருத்துவர்கள் கேட்பார்கள். அதற்குச் சாட்சி வேண்டும். ஆச்சி இப்போது இல்லை. மிச்சமிருப்பது மாமாவின் அக்கா, எங்கள் அம்மா மட்டும். "நாலு வயசு வரைக்கும் வாயே தொறக்கல" என்று அம்மா சொன்னதை அக்கா ஒரு நோட்டில் குறித்துவைத்திருக்கிறாள்.

பையனுக்கு 92 வந்தது. ஆட்டிசத்தைச் சேர்த்துக்கொண்ட 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சான்றிதழும் கிடைத்தது. இனி அவனைத் 'திமிர் பிடிச்சவன்' என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தினால், அக்காவிடம் காட்ட ஒரு காகிதம் இருக்கிறது.

மாமாவிடமும் சொன்னோம், நீங்களும் ஒருதடவை பார்த்துக்கலாமே என்று. தனக்குப் பார்ப்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "அவனுக்கும் வேட்டுச் சத்தம் ஆகாதா?" என்று மட்டும் கேட்டார். அந்த வருஷத் திருவிழாவுக்கு உவரி பஸ்ஸில் இரண்டு டிக்கெட் எடுத்தார்.