ஐம்பத்தைந்தனுள் இல்லாத மொழி

எம் விடுதியின் மேற்குத் தாழ்வாரத்தில் சனிக்கிழமைதோறும் இராவுணவு முடிந்தபின் நால்வர் கூடுவதுண்டு. ஒருவர் பௌதிகம் பயில்பவர், ஒருவர் கணிதம், ஒருவர் வரலாறு, நான்காமவன் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவனாகிய யான். கூட்டத்திற்குப் பெயருமில்லை, தலைவருமில்லை. விதி மட்டும் ஒன்றுண்டு. அவ்வாரத்தில் இணையத்திலே தாம் கண்டெடுத்த புதுமை ஒன்றை ஒவ்வொருவரும் கொணர்ந்து ஏனையோர்க்குக் காட்டுதல் வேண்டும். எவர் கொணர்ந்தது சிறந்ததோ அவருக்கு மற்ற மூவரும் எதிர்க்கடையிலே தேநீர் வாங்கித் தருவர். இவ்வேற்பாட்டினால் என் கைப்பொருள் பெரிதும் குறைந்தது. காரணம் யாதெனின், யான் வாரந்தோறும் ஓலைச்சுவடிகளின் படங்களையே கொண்டுசென்றேன். நண்பர்களோ அவற்றைக் கண்டவுடன் கொட்டாவி விட்டனர்.

அவர்கள் கொணர்ந்தவையோ சுவை மிக்கன. கணித நண்பர் ஒருகால் ஒரு காப்பிப் பாத்திரத்தின் சரித்திரத்தைக் கொண்டுவந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணினி ஆய்வுக்கூடத்தில் பலருக்கும் பொதுவாய் ஒரு காப்பிப் பாத்திரம் இருந்தது. தொலைவிலுள்ள அறைகளில் வேலை செய்வோர் ஆவலோடு வந்து பார்க்கும்பொழுது அது பெரும்பாலும் வெறுமையாய்க் கிடக்கும். ஆதலின் 1991-ஆம் ஆண்டில் அதனெதிரே ஒரு படக்கருவியை நிறுத்தி, பாத்திரத்தின் தோற்றம் தத்தம் கணினியில் தெரியுமாறு செய்துகொண்டனர். 1993-இல் அப்படம் உலகளாவிய வலையிலும் ஏறிற்று. அக்காப்பியை ஒருநாளும் பருகவியலாத தொலைநாட்டாரெல்லாம் பாத்திரம் நிறைந்துளதோ குறைந்துளதோ என்று பார்த்துக்கொண்டிருந்தனராம். 2001-இல் அப்படக்கருவி நிறுத்தப்பட்டது. பாத்திரத்தை ஜெர்மானியப் பத்திரிகை ஒன்று ஏலத்தில் எடுத்துக்கொண்டது. நாங்கள் நெடுநேரம் சிரித்தோம்.

பௌதிக நண்பர் கொணர்ந்தது வேறு வகை. 1969-இல் மாந்தரைச் சந்திரனிடத்துக் கொண்டு சேர்த்த ஓடத்தின் கணிப்பொறியில், அதற்குரிய கட்டளைகள் கம்பியினால் நெய்து வைக்கப்பட்டிருந்தனவாம். கம்பி சிறு காந்த வளையத்தினூடே சென்றால் ஒன்று. புறத்தே சென்றால் சுழியம். அங்ஙனம் பொறுமையோடு கோத்து நெய்தவர் பெரும்பாலும் தொழிற்சாலைப் பெண்டிர். இதனைக் கேட்டவுடன், நூல் செய்தலை நூல் நூற்றலோடு ஒப்பிட்ட நன்னூற் பாயிரம் என் நினைவுக்கு வந்தது. அதனைச் சொன்னேன். நண்பர்கள் முதன்முறையாகக் கொட்டாவி விடவில்லை. அன்றுமுதல் எனக்கும் ஒருமுறையேனும் வென்றுவிடவேண்டும் என்னும் ஆசை மூண்டது. அவ்வாசையே பின்வரும் பிழைக்கு வித்தாயிற்று.

சென்ற ஆண்டு ஆடித் திங்களில் என் கைபேசிக்கு எவரோ விடுத்த செய்தியொன்று வந்தது. 1977-ஆம் ஆண்டில் அமெரிக்கர் வாயேஜர் என்னும் பெயரால் இரண்டு விண்கலங்களை ஏவினர் அன்றோ? அவ்விரண்டிலும் பொன்முலாம் பூசிய செப்புத் தட்டு ஒவ்வொன்று வைக்கப்பட்டுள்ளது. விண்ணிடை என்றேனும் எவரேனும் அக்கலத்தைக் கைப்பற்றின் இவ்வுலகத்தாரை அறிந்துகொள்ளும்பொருட்டு, கார்ல் சேகன் என்னும் வானநூலறிஞர் தலைமையில் ஒரு குழுவினர் அதனைத் தொகுத்தனர். திமிங்கிலத்தின் பாட்டு, மழையொலி, மழலையின் அழுகை, பல நாட்டு இசை ஆகியவற்றோடு 55 மொழிகளில் வாழ்த்துரைகளும் அதில் பதிக்கப்பட்டன. இவையனைத்தும் மெய்யே. ஆனால் எனக்கு வந்த செய்தி, அம்மொழிகளுள் நம் தமிழும் ஒன்று என்று முடிந்தது.

படித்தவுடன் எனக்கு மெய்சிலிர்த்தது. சூரியனின் ஆட்சியெல்லை கடந்து 2400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு தமிழ் வாழ்த்து விரைந்துகொண்டிருக்கின்றது என்று எண்ணுங்கால் எவனுக்குத்தான் உள்ளம் பொங்காது? அவ்வொலிகளை நாசா நிறுவனத்தார் 2015-ஆம் ஆண்டிலேயே இணையத்தில் எவரும் கேட்குமாறு வைத்துவிட்டனர். யானோ தேடவுமில்லை, கேட்கவுமில்லை. சனிக்கிழமையன்று தாழ்வாரத்தில் உணர்ச்சி ததும்ப எடுத்துரைத்தேன். கணித நண்பரும் பௌதிக நண்பரும் கைகொட்டினர். வரலாற்று நண்பர் மட்டும் தூணிற் சாய்ந்தபடி வாளாவிருந்தார். அவர் கோவிற்பட்டிப் பக்கத்தவர். வீட்டில் தெலுங்கு பேசுபவர். அவருக்குச் சிறிது பொறாமை போலும் என்று எண்ணிக்கொண்டேன். அவ்வாறு எண்ணியமைக்கு இன்றும் நாணுகின்றேன்.

அடுத்த திங்களில் தமிழ் மன்றத்தின் பேச்சுப் போட்டி வந்தது. என் உரையை விண்ணிற் செல்லும் அவ்வாழ்த்தினைக் கூறியே முடித்தேன். கரவொலி அடங்க நெடுநேரமாயிற்று. முதற்பரிசாக ஒரு நல்ல புத்தகமும் கிடைத்தது.

பரிசு பெற்ற மறுநாள் நூல்நிலையத்துப் படிக்கட்டில் வரலாற்று நண்பர் என்னை நிறுத்தினார்.

“அந்தப் பதிவை நீ கேட்டாயா?”

“இல்லை.”

“நான் கேட்டிருக்கிறேன். அதில் தெலுங்கு உண்டென்று தெரிந்து, அம்மாவுக்குப் போட்டுக் காட்டுவதற்காக எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டேன். அதில் தமிழ் இல்லை.”

எனக்குச் சினம் மூண்டது. “போட்டிக்கு முன்னமே ஏன் சொல்லவில்லை?” என்றேன்.

“உன் முகத்தைப் பார்த்தேன், சொல்ல மனம் வரவில்லை. என் வீட்டு மொழி இருக்கிறது, உன் மொழி இல்லை என்று நானே எப்படிச் சொல்வது?”

அன்றிரவு விளக்கணைத்தபின் காதிற் கருவியைப் பொருத்திக்கொண்டு 55 வாழ்த்துக்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றும் சில நொடிகளே. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, வங்காளம், குஜராத்தி, மராத்தி, ஒரியா, பஞ்சாபி எல்லாம் உண்டு, கடலுக்கப்பாலுள்ள சிங்களமும் உண்டு. பேசுவார் எவருமின்றி மாண்டொழிந்த சுமேரியமும் அக்கேடியமும்கூட உண்டு. இறுதிவரை தமிழ் வரவில்லை. எங்கேனும் தவறவிட்டேனோ என்று மீண்டும் முதலிலிருந்து கேட்டேன். விடுதி முழுதும் உறங்கிக்கிடந்தது.

முதலில் எனக்கு அக்குழுவினர்மேல் சீற்றம் எழுந்தது. மாண்ட மொழிக்கு இடமளித்தோர் வாழும் மொழிக்கு இடமளிக்கலாகாதோ? பின்னர் அது நடந்த வகையை அறிந்துகொண்டபொழுது சீற்றம் தணிந்தது. கலம் புறப்படும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரும்பாலான வாழ்த்துக்களைக் கார்னெல் பல்கலைக்கழகத்திலே, அங்கு அகப்பட்டவர்களைக் கொண்டே விரைந்து பதிவு செய்தனர். மலையாளமும் அதில் இல்லை. எவரும் நம்மை வேண்டுமென்று விலக்கினதாகக் கொள்வதற்கு ஏதுவொன்றும் காணேன்.

ஆயினும் என் பிழை என்னோடிருந்தது. இரண்டு வாரம் ஒருவரிடமும் வாய் திறந்திலேன். யாருக்குத் தெரியப்போகின்றது என்று ஒருகால் எண்ணுவேன். தமிழுக்குப் பெருமை சேர்க்கும் பொய்தானே என்று மற்றொருகால் எண்ணுவேன். இவ்விரண்டாவது எண்ணமே மிகத் தீயது என்று இப்பொழுது கருதுகின்றேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோருடனும் பாவ அறிக்கை ஜெபத்தைச் சொல்லுங்கால் என் நா தடைப்பட்டது. திங்களன்று பரிசுப் புத்தகத்தைக் கையிலெடுத்துக்கொண்டு எம் தமிழ்ப் பேராசிரியரின் அறைக்குச் சென்றேன்.

அவர் யான் சொல்லியதை முழுதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இப்பொழுதாவது கேட்டாயா?” என்றார்.

“இரண்டு முறை கேட்டேன், ஐயா.”

“புத்தகம் உன்னிடமே இருக்கட்டும். நீ பேசிய தமிழுக்காகக் கொடுத்தது அது. ஆனால் அன்று மன்றத்தில் இருந்தவர்களெல்லாம் நீ சொன்னதை வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். அவர்களுக்கு நீ பதில் சொல்லவேண்டும். ஆண்டு மலரில் எழுதிக்கொடு.”

ஆதலின் எழுதுகின்றேன். வாயேஜர் விண்கலங்களிலுள்ள 55 மொழி வாழ்த்துக்களுள் தமிழ் இல்லை. உண்டென்று மன்றத்தில் யான் கூறியது பிழை. என் சொல்லை நம்பிப் பிறருக்குச் சொன்னவர்கள் அருள்கூர்ந்து இதனையும் அவர்களுக்குச் சொல்வார்களாக.

நிற்க. சனிக்கிழமைக் கூட்டத்திலும் உண்மையைச் சொன்னேன். சிரிப்பார்கள் என்றே அஞ்சினேன், ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் பௌதிக நண்பர், “உன்னைப்போற் பெரியவர்களும் தவறியிருக்கிறார்கள், கேள்” என்று சொல்லித் தம் கைபேசியை நடுவில் வைத்தார்.

அது பாரிசு நகரத்தில் அச்சுத்தொழில் செய்துவந்த எதுவார் லெயோன் ஸ்காட் என்பவரின் கருவியைப் பற்றியது. விளக்குப் புகைக்கரி படிந்த தாளை உருளையிற் சுற்றி, குரலின் அதிர்வுக்கேற்ப ஒரு மெல்லிய மயிர்முனை அக்கரியிலே கோடு கீறும்படி அவர் அமைத்தார். 1857-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். எடிசனின் பேசும் பொறி 1877-இல்தான் தோன்றியது. ஆனால் ஸ்காட்டுக்கு ஒலியைத் திரும்பக் கேட்கவேண்டும் என்னும் நோக்கமே இருந்ததில்லை. குரலானது தானே தன்னை எழுதிக்கொள்ளவேண்டும், அவ்வெழுத்தை மக்கள் கண்ணாற் படிக்கவேண்டும் என்பதே அவர் கருத்து. அவர் 1879-இல் இறந்தார். அவருடைய தாள்கள் பாரிசிலே பேசாமற் கிடந்தன. 2008-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் அத்தாள்களைப் படமெடுத்துக் கோட்டினைக் கணினியால் ஒலியாக மாற்றினர். 1860-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் பதிந்த பிரெஞ்சு நாட்டுப்பாடலொன்றின் துணுக்கு, 148 ஆண்டுகளுக்குப்பின் முதன்முறையாகக் காதில் விழுந்தது. அது ஓர் இளம்பெண்ணின் குரல் போலிருந்தது. செய்தித்தாள்களும் அவ்வாறே எழுதின.

மறு ஆண்டே அவர்கள் தம் பிழையைக் கண்டனர். குரற்கோட்டின் அருகே இசைக்கவையொன்றின் அதிர்வையும் ஸ்காட் பதித்திருந்தார். காலத்தை அளப்பதற்கு அதுவே கருவி. ஓர் அதிர்வில் போவதை ஒன்றாகவும் மீள்வதை ஒன்றாகவும் எண்ணுவது அக்காலப் பிரெஞ்சுக்காரர் வழக்கு. போய் மீள்வதை ஒன்றாக எண்ணுவது இக்கால வழக்கு. இவ்வேறுபாட்டைக் கவனியாமையால் பாட்டு இரட்டை வேகத்தில் ஓடிவிட்டது. பாதியாகத் தாழ்த்தியவுடன் இளம்பெண் மறைந்தாள். ஓர் ஆடவன் மெள்ளமெள்ள, தடுமாறித் தடுமாறிப் பாடும் கனத்த குரல் கேட்டது. அது ஸ்காட்டின் குரலாகவே இருத்தல் கூடும் என்பர். இத்திருத்தத்தை வெளியிட்டவர்களும் அவ்வாராய்ச்சியாளரே. நண்பர் இரண்டு பதிவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கச் செய்தார். பெண்குரல்தான் இனிமையாயிருந்தது என்பதை மறைப்பானேன்? எனினும் இரண்டாவதையே மும்முறை கேட்டோம்.

அதுமுதல் யான் பழைய குரல்களைத் தேடலானேன். விண்ணில் இல்லையெனினும் மண்ணிலேனும் பழைய தமிழ்க் குரலொன்று இருக்குமன்றோ? தேடியதில் சிக்காகோ பல்கலைக்கழகத்தார் இணையத்தில் வைத்துள்ள ஒரு களஞ்சியம் அகப்பட்டது. அயர்லாந்தில் பிறந்து வங்காள மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த ஜார்ஜ் ஆபிரகாம் கிரியர்சன் என்பவர், 1894 முதல் 1928 வரை இந்திய மொழிகளின் அளவையை நடத்தியவர். அவ்வளவையின் பகுதியாக 1913 முதல் 1929 வரை பல மொழியாரின் பேச்சுக்களைக் கிராமபோன் தட்டுகளிற் பதிந்தனர். சென்னை மாகாணத்து மொழிகளும் அவற்றுள் உண்டு, தமிழும் உண்டு.

அவர்களைப் பேசச் சொன்னது எதனை என்று அறிந்தபொழுது யான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அது லூக்கா சுவிசேஷத்திலுள்ள கெட்ட குமாரன் உவமை! ஞாயிறு பள்ளியிலே யான் முதன்முதல் மனப்பாடம் செய்த கதை. கிரியர்சன் அதனைத் தேர்ந்ததற்குச் சொல்லிய காரணமோ பக்தியன்று, இலக்கணம். மூவிடப் பெயர்களும் அதில் வருகின்றன. வேற்றுமைகளிற் பெரும்பாலன வருகின்றன. வினையின் முக்காலமும் வருகின்றன. எண்ணிப் பார்த்தேன். பங்கைத் தாரும் என்று மகன் கேட்குமிடத்தில் முன்னிலை. எழுந்து தந்தையிடம் போவேன் என்று பன்றிகளின் நடுவே அவன் துணியுமிடத்தில் எதிர்காலம். இத்தனை ஆண்டு கேட்டும் அவ்வெதிர்காலத்தை யான் கவனித்ததில்லை.

முன்பட்டது போதுமென்று, இம்முறை முதலிலிருந்து முடிவுவரை தனியே கேட்டபின்னரே தாழ்வாரத்துக்குக் கொண்டுசென்றேன். ஊசி கீறும் இரைச்சலினிடையே ஒரு தமிழ்க் குரல் எழுந்தது. நூறாண்டுக்கு முற்பட்ட எவரோ ஒருவர் அடியெடுத்து வைப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு சென்றார். மகன் வீடு திரும்பும்வரை நால்வரும் பேசவில்லை. முடிந்தபின் வரலாற்று நண்பர் கைபேசியை வாங்கி, “தெலுங்கு எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். அதனையும் தேடியெடுத்துக் கேட்டோம். பின்னர் தமிழை மறுபடியும் கேட்டோம். நாங்கள் எழுந்தபொழுது எதிர்க்கடை மூடியாகிவிட்டது. மூவரும் எனக்கு ஒரு தேநீர் கடன்பட்டிருக்கின்றனர்.