சத்தம் வராத வெளிச்சம்

2012 டிசம்பர். சமூகவியல் பட்டப்படிப்பை முடித்து, மீள்குடியேறிய கிராமங்களில் வேலை தொடங்கிய புதிது. வன்னியில் ஒரு மாதர் சங்கக் கூட்டம் முடிய இருட்டிவிட்டது. கடைசி பஸ்ஸும் போய்விட்டதால் அங்கத்தவரான ஓர் அக்காவின் வீட்டில் தங்கினேன். மழை விட்டிருந்தது; நிலவில்லாத வானம். முற்றத்தில் வாங்கு போட்டுக் கதைத்துக்கொண்டிருந்தோம்.

திடீரென்று முற்றம் முழுக்கப் பச்சை கலந்த வெள்ளை வெளிச்சம். பனைகளின் நிழல் நிலத்தில் நகர்ந்தது. தலைக்கு மேலால் ஒரு நெருப்புப் பந்து ஓடி, இரண்டாக உடைந்து அணைந்தது. நான் திரும்பியபோது அக்கா மகளை அணைத்தபடி சேற்றில் குப்புறக் கிடந்தார்.

"படுங்கோ மிஸ், பரா லைற்! இப்ப ஷெல் வரும்."

சத்தம் வரவில்லை. "அது எரிகொள்ளி அக்கா, பயப்படாதேங்கோ" என்று சிரித்தேன். அவர் சேற்றைத் துடைத்தபடி, "எனக்கு விசர் எண்டு நினைக்கிறியளோ?" என்று கேட்டார். 'உளநெருக்கீடு' பற்றிப் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். அந்தச் சிரிப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 13, 14 இரவுகளில் எரிகற்கள் கூடுதலாகத் தெரியும். விண்வெளியில் திரியும் சிறு துகள்கள் பெருவேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் புகுந்து, சூடேறி ஒளிர்கின்றன. விடிவெள்ளியை விடப் பிரகாசமானதைத் தீப்பந்து என்பார்கள். பெரும்பாலானவை நிலத்துக்கு வருமுன்பே எரிந்துபோகும்.

இரண்டு மாதம் கழித்து, 2013 பெப்ரவரி 15 அன்று, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஏறத்தாழ 20 மீற்றர் அளவான விண்கல் ஒன்று வெடித்தது. வெளிச்சத்தைக் கண்டவர்கள் யன்னலடிக்கு ஓடினார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் கழித்துத்தான் அதிர்வு வந்தது. கண்ணாடிகள் நொறுங்கி ஏறத்தாழ 1,500 பேர் காயப்பட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் இதை அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப நான் படுத்தது சரிதானே?"

"சரிதான் அக்கா. சிரிச்ச நான்தான் பிழை."

அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பதுங்குகுழி நாட்களைப் பற்றி என்னிடம் கதைத்தார்.

2015 டிசம்பரில் தொலைபேசி எடுத்தார். "மகளோட முற்றத்தில இருந்தனான். பதினேழு எண்ணினாள். ஒண்டு பெரிசா வந்தது. கை நடுங்கினதுதான், ஆனா வாங்கை விட்டு எழும்பேல்லை."

சகோதரிகளே, வெளிச்சத்துக்கு அஞ்சும் உடம்பு விசர் பிடித்த உடம்பல்ல. அது உங்களையும் பிள்ளைகளையும் காப்பாற்றிய உடம்பு. அந்தப் பயம் நித்திரையைக் கெடுத்தால் உளவளத்துணையாளரிடம் மனம்விட்டுக் கதையுங்கள். வானம் தெளிந்த டிசம்பர் இரவொன்றில், பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டு, முற்றத்தில் சேர்ந்திருந்து பாருங்கள்.