கிள்ளானில் உப்பு பூக்கவில்லை

எங்கள் வீட்டு உப்பு ஜாடிக்குள் எப்போதும் கொஞ்சம் அரிசி கிடக்கும். இல்லாவிட்டால் நாலு நாள் மழையில் உப்பு கசிந்து கட்டியாகிவிடும். அந்த ஈரம்தான் என் மகளை அறிவியலை விட்டே துரத்தப் பார்த்தது என்றால் சிரிப்பீர்கள்.

படிவம் மூன்றில் படிக்கிறாள். எங்கோ வெளிநாட்டில் எடுத்த காணொளியைப் பார்த்து, வெந்நீரில் உப்பைக் கரைத்து நூலைத் தொங்கவிட்டாள். காணொளியில் மூன்றே நாளில் படிகம். இவளுடைய டம்ளரில் இரண்டு வாரமாகியும் நூல் வெறும் நூலாகவே இருந்தது. “எனக்கு சைன்ஸ் வராதுப்பா. படிவம் நாலுல அக்கவுண்ட்ஸ் எடுத்துக்கிறேன்” என்றாள். கணக்கியல் ஒன்றும் மட்டமான படிப்பல்ல. என் வீட்டு அடுப்பு எரிவதே அதனால்தான். ஆனால், ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர் அவளுக்காக முடிவெடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் செய்ததில் பிழையே இல்லை. 100 கிராம் தண்ணீர் 25 டிகிரியில் சுமார் 36 கிராம் உப்பைக் கரைக்கும்; கொதிக்கும்போதும் 39 கிராம்தான். அதனால் சூடாக்கி ஆறவைத்தால் உப்பு அவ்வளவாகப் பிரியாது, தண்ணீர் வற்றினால்தான் பிரியும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால் உப்புக் கரைசல் வற்றாது; காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கிள்ளானில் பெரும்பாலான இரவுகள் அப்படித்தான். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் வெயிலும் காற்றும் செய்கிற வேலையை எங்கள் சமையலறை ஜன்னல் எப்படிச் செய்யும்?

படிகாரத்தின் குணம் வேறு. 100 மில்லி தண்ணீரில் 20 டிகிரியில் 14 கிராம் கரையும். 50 டிகிரியில் ஏறக்குறைய 37 கிராம். ஆறினாலே படிகம் இறங்கிவிடும். தெங்கு கிளானா சாலைக் கடையில் ஒரு கட்டி கேட்டோம். “திருஷ்டிக்கா, ஷேவிங்குக்கா?” என்றார் கடைக்காரர். வளர்ப்பதற்கு என்றதும் ஒரு மாதிரிப் பார்த்தார். பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள்.

75 கிராமை இடித்து, கால் லிட்டர் வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, மூடாமல் வைத்தோம். மறுநாள் அடியில் கற்கண்டு போலச் சில்லுகள். அதில் நல்ல வடிவான ஒன்றை எடுத்து, மெல்லிய தூண்டில் நைலானில் கட்டி, தெளிந்த நீரை வேறு பாட்டிலில் ஊற்றி அதில் தொங்கவிட்டாள். வாயில் துணி கட்டினால் போதும். வற்ற வழி வேண்டும். ஜன்னலோரம் வேண்டாம், பகல் சூட்டில் வளர்ந்ததும் கரையும். சாமி அலமாரிக்குக் கீழே எங்களுக்கு இடம் கிடைத்தது. அந்தப் பாட்டிலை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

மூன்று வாரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு, எட்டு முகத்தோடு, இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியது போல ஒன்று வளர்ந்தது. தினமும் ரூலர் வைத்து அளந்து நோட்டில் எழுதுகிறாள். உப்பு டம்ளரை அவள் கொட்டவுமில்லை. மூடியுள்ள டப்பாவில், காலணிப் பெட்டிக்குள் வருமே அந்த ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களோடு வைத்திருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பாடத் தேர்வுப் பாரத்தை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். பென்சிலில் ஏதோ எழுதியிருக்கிறாள். நான் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.