ஓடறதுக்கு முன்னாடி ஓர் ஆப்

கோவை ரேஸ்கோர்ஸ்ல நடந்தே பழகின காலுக்கு இப்ப ஓடணும்னு ஆசை.
ஆப் தேடறதுக்கே மூச்சு வாங்குது.

ஸ்ட்ராவால சேர்ந்தா நண்பர்கள் நம்ம வேகத்தைப் பாப்பாங்க. நான் ஓடினதுக்குக் கீழ "வாக்கிங் சூப்பர்"னு யாராவது போட்டுட்டா?
(2018-ல அதோட ஹீட் மேப், அதாவது எல்லாரும் ஓடின பாதைகளைக் காட்டற வரைபடம், ராணுவ முகாம்களையே காட்டிக் கொடுத்துச்சு. என் வீட்டு வாசல் எம்மாத்திரம்! கிளம்புற இடத்தை மறைக்க வசதி இருக்கு, மறைச்சிடுங்க.)

நைக்கி ரன் கிளப்ல கோச் காதுக்குள்ளயே பேசறார். நல்லாத்தான் இருக்கு.

ஆனா மனசு நின்னது கவுச் டு 5கே-ல.
சோபாவுல கிடக்கறவங்களை 5 கிலோமீட்டர் ஓட வைக்க 1996-ல ஜோஷ் கிளார்க் போட்ட திட்டம், இப்ப ஆப்பாவும் இருக்கு.
முதல் வாரம் 5 நிமிஷம் வேக நடை. அப்புறம் 60 செகண்ட் ஓட்டம், 90 செகண்ட் நடை, மாத்தி மாத்தி 20 நிமிஷம். வாரத்துக்கு மூணே நாள்.

கலோரிக் கணக்கு, கிராஃப் எதுவும் எனக்கு வேண்டாம்.
"இப்ப ஓடு", "இப்ப நட"ன்னு அதட்ட ஒரு குரல் போதும்.

60 செகண்ட் இவ்ளோ நீளமாய்யா?
பாதியிலயே போனை எடுத்து, ஆப் ஹேங் ஆயிடுச்சான்னு பாத்தேன்.
அது நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு. நாந்தான்...

சரி, ஓடறவங்க சொல்லுங்க: போனை எங்க வெச்சுக்கறீங்க?
பாக்கெட்ல போட்டா டிராக் பேன்ட் இறங்குது.